அத்தியாயம் 7: செயலி காட்டும் கட்டணத்தைப் படிப்பது எப்படி

வாடகை வண்டிச் செயலியைத் திறந்து, போகவேண்டிய இடத்தைப் போட்டதும் ஒரு தொகை வருகிறது. ரூ.279 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் அதைப் பார்த்ததும் புக் செய்துவிடுவோம், இல்லையென்றால் அடுத்த செயலிக்குத் தாவுவோம். அந்த 279 எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை. அதைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

செயலி காட்டும் தொகை ஐந்தாறு கூறுகள் சேர்ந்தது. சில கூறுகளை அரசு கட்டுப்படுத்துகிறது, சில நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, ஒன்றிரண்டு உங்கள் கையிலேயே இருக்கின்றன. எது யார் கையில் என்று தெரிந்துவிட்டால் கேட்க வேண்டியதைச் சரியான ஆளிடம் கேட்கலாம். ஓட்டுநரிடம் வீணாகச் சண்டை போட வேண்டியதில்லை. நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டியதை விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுகளைச் சென்னையை வைத்தே தந்திருக்கிறோம். கணக்கு முறை மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

1. இது எந்த வகைக் கட்டணம்?

ஒரே திரையில் அடுத்தடுத்து வந்தாலும் எல்லாக் கட்டணமும் ஒரே வகை அல்ல. மூன்று வகை உண்டு.

முதல் வகை, கார்களுக்கு வரும் முன்கூட்டிய கட்டணம். ஏறுவதற்கு முன்பே முழுத் தொகையும் தெரிந்துவிடும். ஊபர் 2016 முதல் இந்த முறைக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் இதே வழியில் வந்தன. பாதை, தூரம், ஆகக்கூடிய நேரம் ஆகியவற்றை மதிப்பிட்டு நிறுவனமே தொகையைச் சொல்கிறது. பயணம் அந்த மதிப்பீட்டை ஒட்டியே நடந்தால் தொகை மாறக்கூடாது.

இரண்டாம் வகை, ஆட்டோக்களில் இப்போது பரவியிருக்கும் சந்தா முறை. பெங்களூரில் 2022இல் தொடங்கி 2024இல் சென்னைக்கும் வந்த நம்ம யாத்ரி, ஓட்டுநரிடம் சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல் சிறு சந்தா மட்டும் வாங்கும் வழியை முன்வைத்தது. ரேபிடோவும் ஆட்டோக்களுக்குச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் ஊபர் ஆட்டோவும், அதே ஆண்டு ஜூனில் ஓலாவும் அந்த வழிக்கு வந்தன. இந்த முறையில் பணம் நேரே ஓட்டுநர் கைக்கோ அவருடைய யுபிஐ கணக்குக்கோ போகிறது. செயலி காட்டும் தொகையை ஒரு பரிந்துரையாக மட்டுமே பல நிறுவனங்கள் சொல்கின்றன. கட்டணத்தில் தகராறு வந்தால் "அது உங்களுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலானது" என்று ஒதுங்கும் நிபந்தனையும் இருக்கும். அதனால் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே தொகையை வாய்விட்டுப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் வகை, மணிக்கணக்கு வாடகையும் வெளியூர்ப் பயணமும். "4 மணி நேரம், 40 கி.மீ." என்பதுபோலத் தொகுப்பாக வரும். இரண்டு எல்லைகளில் எதைத் தாண்டினாலும் கூடுதல் கட்டணம் உண்டு, இரண்டையும் தாண்டினால் இரண்டுக்கும் உண்டு. வெளியூர் என்றால் ஓட்டுநர் பேட்டா, இரவுப் படி, டோல் ஆகியவை தொகைக்குள் அடக்கமா, தனியா என்று நிபந்தனைப் பகுதியில் பாருங்கள். திருப்பதி, புதுச்சேரி போன்ற ஊர்களுக்கு மாநில எல்லை தாண்ட வேண்டியிருப்பதால் பெர்மிட் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கட்டணத்தின் கூறுகள்

காருக்கான தொகையில் பொதுவாக இருப்பவை இவை:

• அடிப்படைத் தொகை: வண்டி வந்து நிற்பதற்கே உரியது.
• தூரத் தொகை: கிலோமீட்டருக்கு இவ்வளவு.
• நேரத் தொகை: ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இவ்வளவு. நெரிசலில் நின்றாலும் இது ஏறும்.
• கூட்ட நேரப் பெருக்கம்: எல்லோரும் சொல்லும் ‘சர்ஜ்’.
• டோல், விமான நிலைய பார்க்கிங் போன்ற வெளிக் கட்டணங்கள்.
• ஜிஎஸ்டி: செயலி வழியாகப் புக் செய்யும் கார்களுக்கு 5 சதவீதம்.

சாலையில் கைகாட்டி நிறுத்தும் ஆட்டோவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. செயலி வழியாகப் புக் செய்யும் ஆட்டோவை 2022 ஜனவரி 1 முதல் 5 சதவீத வரிக்குள் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்த வழக்கிலும் டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் வரி செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் செயலி காட்டும் விகிதங்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

பயண தூரம் 12 கி.மீ., நேரம் 40 நிமிடம்.
அடிப்படைத் தொகை: ரூ.50
தூரம்: 12 × ரூ.13 = ரூ.156
நேரம்: 40 × ரூ.1.50 = ரூ.60
கூட்டினால்: ரூ.266
ஜிஎஸ்டி 5%: ரூ.13.30
மொத்தம்: ரூ.279.30

இதே பாதையில் மாலை நெரிசலில் 60 நிமிடம் ஆகும் என்று செயலி மதிப்பிட்டால், நேரத் தொகை ரூ.30 கூடும். வரியோடு மொத்தம் ரூ.310.80 ஆகும். சர்ஜ் எதுவுமில்லாமல் ஏறிய தொகை இது.

40 நிமிடப் பயணத்துக்கே 1.4 மடங்கு சர்ஜ் போட்டால் ரூ.266 என்பது ரூ.372.40 ஆகும். வரியோடு ரூ.391.02. நெரிசலால் ஏறியது முப்பத்தொரு ரூபாய், சர்ஜால் ஏறியது நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். மாலை ஆறு மணிக்குக் கட்டணம் கூடியிருந்தால் எதனால் கூடியது என்று இப்படிப் பிரித்துப் பாருங்கள். நெரிசலால் கூடியது என்றால் நெரிசல் தீரும்வரை இறங்காது. சர்ஜால் கூடியது சில நிமிடங்களிலேயே இறங்கிவிடக்கூடும்.

3. ஆட்டோவுக்கு ஒரு அளவுகோல்

ஆட்டோவுக்குச் செயலி சொல்லும் தொகை அதிகமா, நியாயமா என்று முடிவுசெய்ய மனத்தில் ஓர் அளவுகோல் வேண்டும். தமிழ்நாடு அரசு 2013 ஆகஸ்டில் சென்னைக்கு நிர்ணயித்த மீட்டர் கட்டணம்: முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.25, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ரூ.12, காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு ரூ.3.50. இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணிவரை 50 சதவீதம் கூடுதல்.

அதன்படி 10 கி.மீ. பயணத்துக்கு 25 + (8.2 × 12) = ரூ.123.40. இரவென்றால் ரூ.185.10.

அந்தக் கட்டணம் வந்தபோது எழுபது ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த சென்னை பெட்ரோல் விலை பின்னர் நூறைத் தாண்டியது. கட்டணத்தைத் திருத்தச் சொல்லிப் பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்த ஓட்டுநர் சங்கங்கள், 2025 பிப்ரவரியில் முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.50, பிறகு கிலோமீட்டருக்கு ரூ.18 என்று தாங்களே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. அந்தக் கணக்கில் 10 கி.மீ.க்கு ரூ.197.60 வரும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், பெங்களூரில் 2025 ஆகஸ்டு 1 முதல் அரசே நிர்ணயித்த கட்டணம் முதல் 2 கி.மீ.க்கு ரூ.36, பிறகு கிலோமீட்டருக்கு ரூ.18. அங்கே 10 கி.மீ.க்கு ரூ.180.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செயலியைப் பாருங்கள். பகலில் 10 கி.மீ.க்கு ரூ.180, 190 என்று காட்டினால், 2013 மீட்டருக்கு மேல் என்றாலும் ஓட்டுநரின் இன்றைய செலவுக்கு ஒட்டிய தொகைதான். ரூ.280 காட்டினால் அதில் சர்ஜ் இருக்கிறது. புதிய அரசாணை வந்தால் அந்த விகிதத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

4. சர்ஜ் எப்படி ஏறுகிறது

ஒரு பகுதியில் அந்த நேரத்தில் எத்தனை பேர் வண்டி கேட்கிறார்கள், எத்தனை வண்டிகள் காலியாக நிற்கின்றன என்ற விகிதமே சர்ஜின் அடிப்படை. கேட்பவர் கூடினால் விலை ஏறும். ஏறிய விலையைப் பார்த்துச் சிலர் பின்வாங்குவார்கள், சில ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார்கள். இரண்டும் சேர்ந்து விலையைக் கீழே கொண்டுவரும் என்பது கணக்கு.

சர்ஜ் ஊர் முழுக்க ஒரே அளவில் ஏறுவதில்லை. ஊபர் நகரை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஹெச்3 என்ற அந்தக் கட்ட முறையை 2018இல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. ஒரு கட்டத்தில் சர்ஜ் இருக்கும்போது அடுத்த கட்டத்தில் இல்லாமல் போகலாம். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்ஹாட்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஊபர் கட்டணத்தைக் கண்காணித்து 2015இல் ஆய்வை வெளியிட்டார்கள். நகரம் தனித்தனிப் பகுதிகளாக விலையிடப்படுகிறது என்பதையும், பெரும்பாலான சர்ஜ்கள் சில நிமிடங்களே நீடிக்கின்றன என்பதையும், பக்கத்துப் பகுதிக்கு நடந்துபோனால் சில நேரம் குறைந்த விலை கிடைக்கிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். இந்த மூன்றும் சென்னைப் பயணிக்கும் உதவும்.

எதற்காக இத்தனை பேர் ஒரே நேரத்தில் வண்டி கேட்கிறார்கள் என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. 2014 டிசம்பரில் சிட்னியில் ஒரு காபிக் கடையில் பணயக்கைதிகள் பிடித்துவைக்கப்பட்டபோது, நகர மையத்திலிருந்து வெளியேறத் துடித்த மக்களுக்கு ஊபர் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கண்டனம் எழுந்தபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. டெல்லியில் 2016 ஏப்ரலில் ஒற்றை-இரட்டை எண் வாகனக் கட்டுப்பாடு நடந்தபோது, அரசின் எச்சரிக்கைக்குப் பிறகு ஊபரும் ஓலாவும் சர்ஜை நிறுத்திவைத்தன. வெள்ளம், விபத்து, கடையடைப்பு போன்ற நாட்களில் அளவுக்கு மீறிக் கட்டியிருந்தால் கேட்டு வாங்கலாம் என்பதற்கு இவை முன்னுதாரணங்கள்.

5. எல்லை எது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், இந்தச் செயலி நிறுவனங்களை உரிமம் பெற வேண்டியவையாக்கியது. அதன் அடிப்படையில் மத்திய அரசு 2020 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அப்போது சர்ஜின் உச்சம் அடிப்படைக் கட்டணத்தைப் போல் 1.5 மடங்கு. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிகள் அதை 2 மடங்காக உயர்த்தின. முக்கியமானவை:

• மாநில அரசு அந்த வகை வண்டிக்கு அறிவிக்கும் கட்டணமே அடிப்படைக் கட்டணம்.
• நிறுவனம் அதில் பாதிக்குக் கீழே போகக்கூடாது, 2 மடங்குக்கு மேலே போகக்கூடாது.
• குறைந்தபட்சக் கட்டணம் 3 கி.மீ.க்கு உரியது. சவாரி எடுக்க ஓட்டுநர் காலியாக ஓடிவரும் தூரத்தை ஈடுகட்டுவதற்காக இது.
• சவாரி 3 கி.மீ.க்கு மேல் இருந்தால், காலியாக ஓடிவந்த தூரத்துக்கென்று தனியாகப் பயணியிடம் வாங்கக்கூடாது. ஏறும் இடத்திலிருந்து இறங்கும் இடம்வரைதான் கட்டணம்.
• சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும்.
• தக்க காரணமில்லாமல் ரத்து செய்தால், செய்தவர் ஓட்டுநரானாலும் பயணியானாலும், கட்டணத்தில் 10 சதவீதம் அபராதம். அது ரூ.100ஐத் தாண்டக்கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். இவை மாநில அரசு ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய நெறிகள். புகாரில் இவற்றைச் சுட்டுவதற்கு முன், உங்கள் மாநிலத்தின் நிலையைப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்களுக்குச் சந்தா முறையில் ஓட்டுநரே தொகையைப் பேசிக்கொள்வதால், நடைமுறையில் காருக்கே இந்த எல்லைகள் அதிகம் கைகொடுக்கும்.

6. புக் செய்வதற்கு முன்

ஏறும் இடத்தின் குறியைச் சரிபார்ப்பது முதல் வேலை. ஓஎம்ஆரில் ஒரு யு-டர்ன் தவறினால் இன்னும் வெகுதூரம் போய்த்தான் திரும்ப முடியும். தி.நகரிலும் அண்ணா சாலையை ஒட்டிய தெருக்களிலும் ஒருவழிப் பாதைகள் நிறைய. நீங்கள் போகும் திசைக்கு எதிர்ப்புறம் குறியை வைத்துவிட்டால், வண்டி சுற்றி வரும் தூரமும் நேரமும் உங்கள் தொகையில் ஏறிவிடும். சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்று குறியை நகர்த்திப் பாருங்கள். தொகை அங்கேயே குறைவது கண்ணுக்குத் தெரியும்.

சர்ஜ் இருந்தால், அவசரமில்லை என்றால், ஐந்து பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் முடிந்து கூட்டம் வெளியேறும்போது மைதான வாசலிலேயே நின்று புக் செய்யாமல், கொஞ்ச தூரம் நடந்து வெளியே வாருங்கள். திடீர் மழையின் முதல் சில நிமிடங்களில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறப்பார்கள். அந்த அலை அடங்கட்டும்.

மெட்ரோவைச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. விமான நிலையத்தில் இறங்குபவர்கள் அங்கிருந்தே மெட்ரோ ஏறி, வீட்டுக்குக் கிட்டே உள்ள நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால், பார்க்கிங் கட்டணமும் சர்ஜும் சேர்ந்த தொகையைத் தவிர்க்கலாம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போகிறவர்கள், கடைசி நேரத்தில் வண்டி தேடாமல் மாநகரப் பேருந்தோ மின்சார ரயிலோ எதில் எவ்வளவு தூரம் போகலாம் என்று முன்பே பார்த்து வையுங்கள்.

குறைந்தது இரண்டு செயலிகளை ஒப்பிடுங்கள். ஒரே வகை வண்டியாக, ஒரே இடத்திலிருந்து, ஒரே நிமிடத்தில் ஒப்பிட வேண்டும். போனுக்குப் போன் விலை மாறுகிறது என்ற புகாரின் பேரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில் ஓலாவுக்கும் ஊபருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. போன் வகையை வைத்து விலை வைப்பதில்லை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. வீட்டில் இரண்டு போன்கள் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குறைந்த தொகை காட்டும் போனில் புக் செய்துவிட்டு, இரண்டு திரைகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிக் கூப்பனில் சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், உச்ச வரம்பைப் பாருங்கள். "50% தள்ளுபடி, ரூ.60 வரை" என்றால் ரூ.391 பயணத்தில் கிடைப்பது ரூ.60 மட்டுமே. கணக்குப் போட்டால் 15 சதவீதம்தான். மாதச் சந்தா எடுக்கும்போதும், நீங்கள் மாதத்தில் உண்மையில் போகும் சவாரிகளை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

விளம்பர வாக்குறுதிகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய் என்று ரேபிடோ செய்த விளம்பரம் தவறாக வழிநடத்துவது என்று சொல்லி, நுகர்வோர் ஆணையம் 2025 ஆகஸ்டில் ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது. சொன்ன ஐம்பது ரூபாய் பணமாக வரவில்லை. ‘50 வரை’ நாணயங்களாக, ஏழு நாளுக்குள், பைக் சவாரிக்கு மட்டும் செல்லுபடியாகும் வகையில்தான் வந்தது.

வண்டி கிடைக்கும் முன்பே டிப்ஸ் சேர்க்கச் சொல்லும் வசதி இன்னொன்று. "கூடக் கொடுத்தால் வண்டி சீக்கிரம் வரும்" என்ற குறிப்போடு வரும். இதைக் குறித்து 2025 மே மாதம் ஆணையம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. டிப்ஸ் என்பது பயணம் முடிந்தபின் மனமுவந்து தருவது. முன்கூட்டிச் சேர்க்கும் தொகை கட்டணத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. சேர்ப்பதானால் அதையும் கூட்டி மொத்தத்தை ஒப்பிடுங்கள்.

7. புக் செய்தபின் ஓட்டுநரோடு

சென்னையில் இந்த உரையாடலைக் கேட்காதவர் இருக்க முடியாது:

"சார், டிராப் எங்க?"

"வேளச்சேரிண்ணா. ஆப்ல காட்டுது பாருங்க."

"கூட அம்பது போட்டுக் குடுங்க சார். அங்கேர்ந்து திரும்பி வர சவாரி கெடைக்காது."

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். சவாரியில்லாமல் ஓடும் கிலோமீட்டருக்கும் எரிபொருள் செலவு உண்டு. கட்டணத்தை நிர்ணயித்தவர் அவர் அல்ல. கார் ஓட்டுநர் கமிஷன் முறையில் இருந்தால், நீங்கள் கட்டும் தொகையும் அவர் கையில் சேரும் தொகையும் ஒன்றல்ல. ஆன்லைன் பணம் நிறுவனத்தின் வழியாகப் பிறகே வரும் என்பதால்தான் "கேஷா, ஆன்லைனா?" என்று முதலிலேயே கேட்கிறார்.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. காட்டிய தொகைதான் என்று மரியாதையாகச் சொல்லலாம்: "ஆப்ல காட்டுறதுதாண்ணா குடுக்க முடியும், வர முடியுமான்னு சொல்லுங்க." அவர் கேட்பது நியாயம் என்று பட்டால் ஒப்புக்கொண்டு, எவ்வளவு என்பதை ஏறும் முன்பே இருவரும் ஒரே வாக்கில் முடிவுசெய்யலாம். ஒத்துவராவிட்டால் அவரையே ரத்து செய்யச் சொல்லலாம். நீங்கள் ரத்து செய்ய நேர்ந்தால், "ஓட்டுநர் கூடுதல் பணம் கேட்டார்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். "மனம் மாறிவிட்டது" என்பதைத் தேர்ந்தெடுத்தால் ரத்துக் கட்டணம் உங்கள் தலையில் விழும். செயலியின் அரட்டைப் பகுதியில் "கூடுதல் ரூ.50 கேட்டீர்கள், எனக்கு ஒத்துவராது" என்று ஒரு வரி எழுதிவிட்டு ரத்து செய்தால் அது சாட்சியாகும்.

8. பயணத்தின்போது தொகை எதனால் மாறும்?

முன்கூட்டிச் சொன்ன தொகை நியாயமாகவே மாறக்கூடிய நேரங்கள் உண்டு: இறங்கும் இடத்தை மாற்றினால், நடுவில் நிறுத்தம் சேர்த்தால், இலவசக் காத்திருப்பு நிமிடங்களைத் தாண்டி ஓட்டுநரைக் காக்க வைத்தால், முதலில் கணக்கில் வராத டோல் கட்டினால்.

நியாயமில்லாமல் மாறும் நேரங்களும் உண்டு. நீங்கள் இறங்கியபின் ஓட்டுநர் பயணத்தை முடிக்க மறந்திருக்கலாம். ஜிபிஎஸ் தடுமாறித் தூரம் கூடியிருக்கலாம். உங்களைக் கேட்காமல் சுற்றுவழியில் போயிருக்கலாம். போகாத டோல் பில்லில் ஏறியிருக்கலாம். தடுப்பதற்கு மூன்று பழக்கங்கள் போதும்:

• வண்டி கண்முன் வந்து, எண் பலகை சரியாக இருந்தபிறகே ஓடிபியைச் சொல்லுங்கள். ஓடிபி கொடுத்த நொடியில் பயணம் தொடங்கிவிடுகிறது.
• பாதை மாறினால் அப்போதே கேளுங்கள். "எந்த வழியா போறோம்ணா?" என்ற கேள்வி சண்டையாகாது. மெட்ரோ பணிக்காக அடைத்த சாலையாக இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.
• இறங்கும் முன், பயணம் முடிந்துவிட்டதா என்று இருவர் திரையையும் பாருங்கள்.

9. பில்லைச் சரிபார்த்தல்

வீட்டுக்குப் போனதும் பில்லைத் திறந்து, புக் செய்தபோது காட்டிய தொகை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தூரம், வரைபடக் கோடு, டோல் வரி என்ற ஆறையும் பாருங்கள். புக் செய்யும்போதே திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடுவது எளிது. பிறகு அந்தத் தொகையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

வித்தியாசம் இருந்தால் செயலியின் உதவிப் பகுதியில் அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். கோபம் வேண்டாம். எண்களும் கோரிக்கையும் போதும்:

"புக் செய்தபோது காட்டிய தொகை ரூ.279. பில்லில் ரூ.345. இறங்கும் இடத்தை மாற்றவில்லை, நடுவில் நிறுத்தவில்லை. நான் இறங்கியபின்னும் பயணம் 14 நிமிடம் ஓடியதாக வரைபடம் காட்டுகிறது. வித்தியாசத் தொகை ரூ.66ஐ, நான் பணம் கட்டிய கணக்குக்கே திருப்பித் தரவும்."

கடைசி வரி முக்கியமானது. பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான கூப்பனைத் தருவது ஒரு வழக்கமாக இருந்தது. 2024 அக்டோபரில் நுகர்வோர் ஆணையம், பணத்தை வங்கிக் கணக்கில் பெறுவதா, கூப்பனாகப் பெறுவதா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும் என்று ஓலாவுக்கு உத்தரவிட்டது. எல்லா ஆட்டோ பயணங்களுக்கும் பில் தர வேண்டும் என்றும் சொன்னது. கூப்பன் வந்தால் "எனக்குப் பணமாக வேண்டும்" என்று மறுபடி எழுதுங்கள்.

10. நிறுவனம் கேட்காவிட்டால்

உதவிப் பகுதியில் தீராவிட்டால், நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பும் செயலியிலும் இணையதளத்திலும் இருக்க வேண்டும். அடுத்த படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பயண எண், தேதி, இரண்டு தொகைகள், நிறுவனத்தின் பதில் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருக்கும் வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஒரு சவாரியின் அறுபது ரூபாய்க்காக அங்கே போவது எல்லோராலும் ஆகாது. வேலைக்குத் தினமும் போய்வருபவரின் கணக்கில் மாதக்கணக்காக ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்திருந்தால் போகலாம்.

ஆனால் 1915இல் பதிவு செய்வது எல்லோராலும் ஆகும், அதை விடாமல் செய்யுங்கள். கூப்பனுக்குப் பதில் பணம் என்ற 2024 உத்தரவும், விளம்பரத்துக்கான 2025 அபராதமும் பயணிகள் இப்படிப் பதிவு செய்த புகார்களைப் பார்த்தபின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எடுத்த நடவடிக்கைகள். ஒவ்வொரு புகாரும் சில பத்து ரூபாய்களைப் பற்றியதாகவே இருந்திருக்கும். பதிவானதால்தான் அவை கணக்கில் சேர்ந்தன, விதியும் மாறியது. உங்கள் ரூ.66 திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், பதிவு செய்த புகார் அடுத்த பயணியின் பில்லுக்குக் காவலாக நிற்கும்.